கேதார்காந்தா, டிசம்பர் கடைசி: பெண்களுக்கான டவுன் ஜாக்கெட் எதைப் பார்த்து வாங்குவது?

தேன்சிட்டு | நவம்பர் 4, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் 26 அன்று உத்தராகண்டில் உள்ள சாங்க்ரி கிராமத்திலிருந்து கிளம்பி கேதார்காந்தா ஏறப் போகிறோம், நானும் என் நாத்தனாரும். குழுவாகக் கூட்டிப் போகிறவர்களிடம் பணம் கட்டியாகிவிட்டது. இருவரும் சென்னை. நாங்கள் பார்த்த குளிரெல்லாம் ஜனவரி மாதத்து ஊட்டிதான், அதுவும் ஒரு ஸ்வெட்டரோடு முடிந்துபோன குளிர். உச்சி 12,500 அடி, முகாமில் ராத்திரி மைனஸ் 10 வரை இறங்கலாம் என்று அனுப்பிய பட்டியலில் போட்டிருக்கிறார்கள். கூடவே "நல்ல டவுன் ஜாக்கெட் – 1" என்று ஒரு வரி. டவுன் என்றால் வாத்தின் மெத்தென்ற அடி இறகை உள்ளே அடைத்தது என்பது வரை தெரியும். எது நல்லது என்று சொல்லவில்லை.

எனக்கு 36 வயது, 5 அடி 2 அங்குலம், 61 கிலோ. நாத்தனாருக்கு 43, 5 அடி 6, 86 கிலோ. ஆளுக்கு 9,000 ரூபாய் வரை செலவழிக்கலாம்.

இணையத்தில் ஒன்று கண்ணில் பட்டது. பெண்களுக்கான ஸ்லிம் ஃபிட், 900 ஃபில் பவர், மொத்த எடையே 260 கிராம், "மைனஸ் 15 வரை தாங்கும்" என்று போட்டிருக்கிறது. தள்ளுபடி ஞாயிறு வரைதான். 900 என்றால் மிக உயர்ந்த ரகம் என்று படித்தேன். வாங்கிவிடலாமா?

மலைப்பாதை | நவம்பர் 4, இரவு 10:05

தள்ளுபடிக்காக அவசரப்படாதீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: உள்ளே எத்தனை கிராம் டவுன் அடைத்திருக்கிறார்கள்?

ஃபில் பவர் என்பது ஒரு அவுன்ஸ் டவுன், அதாவது சுமார் 28 கிராம், உப்பி விரிந்தால் எத்தனை கன அங்குல இடத்தை நிரப்பும் என்ற எண். அது சரக்கின் தரம். எவ்வளவு சரக்கு என்பது தனிக் கணக்கு. அரிசி எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் ஒரு பிடி உலையில் போட்டால் நாலு பேருக்குக் காணாது.

800 ஃபில் பவரில் 70 கிராம் அடைத்தால் இரண்டரை அவுன்ஸ், 2,000 கன அங்குலம். 650 ஃபில் பவரில் 140 கிராம் என்றால் 5 அவுன்ஸ், 3,250 கன அங்குலம். எண் குறைந்த ஜாக்கெட்தான் ஒன்றரை மடங்குக்கு மேல் உப்பி நிற்கிறது. உடம்புச் சூட்டைக் காப்பாற்றுவது அந்த உப்பலுக்குள் அசையாமல் நிற்கும் காற்று. உயர்ந்த எண்ணுக்குப் பலன் இல்லை என்று சொல்ல வரவில்லை. அதே சூட்டைக் குறைந்த எடையில் தரும், பையில் சின்னதாகச் சுருங்கும். அதற்குத்தான் கூடுதல் விலை.

என் அனுபவத்தில் பெண்கள் எம் அளவில் 60–90 கிராம் டவுன் இருந்தால் அது மெல்லிய உள் ஜாக்கெட். கேதார்காந்தா, பிரம்மதால் மாதிரி பனிக்கால மலைகளுக்கு 120–160 கிராம் வேண்டும். ஜனவரியில் சன்ஸ்கார் ஆற்றுப் பனிமேல் நடக்கும் சாதர் பயணம் என்றால், அங்கே இரவு மைனஸ் 25-ஐத் தாண்டும், 200-க்கு மேல் இல்லாமல் நான் யாரையும் போகச் சொல்ல மாட்டேன்.

தேன்சிட்டு | நவம்பர் 4, இரவு 10:31

அந்தப் பக்கம் முழுக்கத் தேடிவிட்டேன் அண்ணா. ஃபில் பவர் மூன்று இடத்தில் இருக்கிறது. எத்தனை கிராம் என்று எங்கேயும் இல்லை.

நூலிழை | நவம்பர் 5, காலை 7:48

திருப்பூர்க்காரன். எங்கள் ஊர் பின்னலாடைக்குத்தான் பெயர் பெற்றது. ஆனால் நான் 6 வருடம் வியட்நாமில் ஒரு குளிர் ஜாக்கெட் ஆலையில் தரச் சோதனையில் இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மொத்த எடை 260 கிராம் என்றால் மேல்துணி, உள்துணி, ஜிப், எலாஸ்டிக், பாக்கெட் எல்லாம் போக உள்ளே 80 கிராம் தேறினால் பெரிது. நடக்கும்போது உள்ளே போட்டுக்கொள்ள அருமையான ஜாக்கெட்டாக இருக்கலாம். விடியற்காலை உச்சிக்குப் போகும்போது அது ஒன்றை மட்டும் நம்ப முடியாது.

லேபிளில் இன்னொன்றும் பாருங்கள். நடுவில் தண்டு இருப்பது இறகு. தண்டே இல்லாமல் ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் இழை விரிந்து பஞ்சுப் பூ மாதிரி இருப்பது டவுன். வாத்து, கூஸ் இவற்றின் நெஞ்சிலும் வயிற்றிலும் மேல் இறகுக்கு அடியில் வளர்வது. இதற்குத் தமிழில் தூவி என்றே பழைய சொல் உண்டு. அன்னத்தின் தூவி அடைத்த மெத்தை சங்கப் பாட்டிலேயே வருகிறது. லேபிளில் "90/10" என்றால் 90 சதம் தூவி, 10 சதம் சிறு இறகு. "70/30" என்றால் எடை ஏறும், உப்பல் குறையும், தண்டு துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

நம் ஊர்க் கடைகளில் "பஃபர்" என்று தொங்குவதில் பெரும்பாலானவை நூறு சதம் பாலியஸ்டர். பஃபர் என்பது உப்பலான தோற்றத்துக்குப் பெயர், அடைத்த பொருளுக்குப் பெயர் இல்லை. உள்பக்கத் தையலில் இருக்கும் சின்ன லேபிளைப் புரட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து தையல். மேல்துணியையும் உள்துணியையும் ஒன்றாகச் சேர்த்துக் கோடு கோடாகத் தைத்திருந்தால் அந்தக் கோட்டில் தூவியே இருக்காது, இரண்டு துணி மட்டும்தான். காற்றடித்தால் ஒவ்வொரு கோடும் தெரியும். அதிகக் குளிருக்கான ஜாக்கெட்டில் இரண்டு துணிக்கும் நடுவே சுவர் மாதிரி ஒரு மெல்லிய துணி வைத்துப் பெட்டி பெட்டியாகத் தைப்பார்கள். அதற்கு வேலையும் அதிகம், விலையும் அதிகம். 9,000 ரூபாய்க்குள் பெட்டித் தையல் கிடைப்பது கஷ்டம். கோட்டுத் தையல் போதும், மேலே காற்று புகாத ஒரு மழை ஜாக்கெட் போட்டால் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கோவை வாசகி | நவம்பர் 5, காலை 11:20

தேன்சிட்டு, நான் போன வருசம் டிசம்பர்ல இதே மலைக்குப் போனேனுங்க. நான் பண்ணுன தப்பை நீங்க பண்ணிறக் கூடாதுன்னுதான் எழுதறேன்.

நான் வாங்குனதும் ஸ்லிம் ஃபிட்தான். கடைக் கண்ணாடியில பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு. சுடிதார் மேல போட்டுப் பார்த்து வாங்கிட்டேன். சாங்க்ரியிலயும் ஜூடா கா தாலாப் முகாம்லயும் ஒண்ணும் தெரியல. உச்சிக்குக் கிளம்பற ராத்திரி 2 மணிக்கு எழுப்பிவிட்டாங்க. தெர்மல்ங்கற குளிருக்கான உள்ளாடை போட்டு, அதுமேல முழுக்கை டீ சர்ட், அதுமேல ஃப்ளீஸ்ங்கற மெத்துன்னு இருக்கற சட்டை போட்டு, அதுமேல ஜாக்கெட்டை மாட்டுனா நெஞ்சுகிட்ட ஜிப் ஏறவே இல்லை. கூடாரத்துல இருந்த இன்னொரு பொண்ணு இழுத்துப் பிடிச்சு ஏத்திவிட்டா. மூச்சை முழுசா இழுக்க முடியல. அதைவிட மோசம், இழுத்துப் பிடிச்சதுல தூவி பூரா அமுங்கி ஜாக்கெட் தாள் மாதிரி ஆயிருச்சு. நெஞ்சு, தோள்பட்டை ரெண்டு இடத்துலயும் ஐஸ் வெச்ச மாதிரி. கடைசி ஏத்தத்துக்கு முன்னாடி எல்லாரும் வரட்டும்னு 20 நிமிசம் நிறுத்துனாங்க. அந்த 20 நிமிசம் வெடவெடன்னு ஆடிப்போயிட்டேன். எங்களைக் கூட்டிட்டுப் போன மலைக்காரத் தம்பி அவரோட ஜாக்கெட்டைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டாரு. உச்சியில சூரியன் வரும்போது ஸ்வர்க்காரோஹிணி சிகரம் பொன்னா மாறுனதைப் பார்த்தேன், பார்த்து அழுதேன். ஆனா அந்தத் தம்பி குளிர்ல நின்னது இன்னைக்கும் மனசுல இருக்கு.

கடைக்குப் போகும்போது தெர்மலும் ஃப்ளீஸும் பையில எடுத்துட்டுப் போங்க. அதையெல்லாம் போட்டுட்டு ஜாக்கெட்டைப் போட்டுப் பாருங்க. ரெண்டு கையாலயும் உங்களையே கட்டிப்பிடிங்க, முதுகுல இழுக்கக் கூடாது. கையைத் தலைக்கு மேல தூக்குங்க, இடுப்பு தெரியக் கூடாது. அப்புறம் குந்தி உக்காருங்க.

பனிப்பூ | நவம்பர் 5, இரவு 8:02

வணக்கம் தங்கச்சி. நான் ரொறன்ரோவில 19 வருசமா இருக்கிறன். ஒவ்வொரு மாசியும் அல்கொன்குயின் பார்க்கில மியூ லேக் முகாமில ரெண்டு இரவு கூடாரம் அடிச்சுத் தங்குவம். மைனஸ் 25 எல்லாம் கண்டாச்சு. கோவை வாசகி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் பொம்பிளையளுக்கு எண்டு கொஞ்சம் சேர்த்துச் சொல்லுறன்.

ஒரே மொடல் ஜக்கெற்றில ஆம்பிளையளின்ரயும் பொம்பிளையளின்ரயும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. கனக்க மொடல்களில பொம்பிளையளின்ரதுக்குள்ள தூவி குறைவு. அளவு சின்னன் எண்டதால கொஞ்சம் குறையிறது நியாயம். ஆனா இடுப்பு ஒடுங்கித் தெரிய வேணும் எண்டு மெல்லிசாத் தைக்கிறதும் நடக்குது, நீளத்தையும் வெட்டிப்போடுகினம். குளிர் கூடப் படுற ஆளுக்கு மெல்லிய ஜக்கெற். எனக்கு இதில இண்டைக்கும் கோவம்தான்.

நித்திரைப் பைக்கு ஐரோப்பாவில ஈஎன் 13537 எண்டு ஒரு அளவு முறை வந்தது, இப்ப அது ஐஎஸ்ஓ 23537. அதில "கம்ஃபர்ட்" எண்ட வெப்பநிலை ஒரு பொம்பிளைக்கு, 25 வயசு, 1.60 மீற்றர், 60 கிலோ. "லிமிட்" எண்ட வெப்பநிலை ஒரு ஆம்பிளைக்கு, 25 வயசு, 1.73 மீற்றர், 73 கிலோ. ஒரே பைக்கு ரெண்டு எண்ணுக்கும் இடையில கிட்டத்தட்ட 5, 6 பாகை வித்தியாசம் வரும். பொம்பிளையளுக்குக் குளிர் கூட எண்டதை அந்த அளவு முறையே ஏற்றுக்கொள்ளுது. மலை ஏறுற ஜக்கெற்றுகளில போடுற மைனஸ் எண்ணுக்கு அப்பிடி எல்லாரும் பின்பற்றுற ஒரு சோதனை இல்லை. கொம்பனி தன்ர கணக்கில போடுறது. அந்த மைனஸ் 15 நடந்துகொண்டிருக்கிற ஆளுக்கா, நிக்கிற ஆளுக்கா, உள்ளுக்கு என்ன போட்டிருக்கிற ஆளுக்கு எண்டு கேளுங்கோ.

காற்றையும் கணக்கில எடுங்கோ. கனடாவில பாவிக்கிற கணக்குப்படி மைனஸ் 10-இல மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடிச்சா முகத்தில மைனஸ் 20 மாதிரி இருக்கும். மலை உச்சியில அந்தக் காற்று சாதாரணம்.

வாங்கேக்க நீளம் பின்பக்கத்தை மூடுதா எண்டு பாருங்கோ. ஜிப் கீழ இருந்தும் திறக்கக்கூடியதா இருந்தா இன்னும் நல்லம். கூடார ரொயிலற்றில குந்தேக்க ஜக்கெற்றைக் கழட்டாம, கீழ ஜிப்பைத் திறந்து மேல மடிச்சு விடலாம். மாதவிடாய் நாளில மலையில நிக்க வேண்டி வந்தா இதின்ர அருமை தெரியும். தொப்பி ஜக்கெற்றோட சேர்ந்தே இருக்க வேணும், உங்கட பின்னலும் கம்பளித் தொப்பியும் உள்ளுக்குப் போற அளவுக்குப் பெரிசா. கழுத்து நாடி வரைக்கும் வர வேணும். உள்பக்கம் ஒரு பொக்கெற் இருந்தா ஃபோனையும் பவர் பாங்கையும் அதுக்குள்ள வையுங்கோ, வெளியில வைச்சா குளிரில சார்ஜ் கெதியா இறங்கிப்போகும்.

மலைப்பாதை | நவம்பர் 5, இரவு 9:15

பனிப்பூ அக்கா சொன்ன "நடக்கிற ஆளா, நிற்கிற ஆளா" என்பதை எல்லோரும் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவை வருகிறவர்கள் டவுன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே ஏறுவார்கள். அரைமணி நேரத்தில் உள்ளே வியர்வை. டவுனுக்கு ஈரம்தான் எதிரி. நனைந்தால் இழைகள் ஒட்டிக்கொண்டு உப்பல் போய்விடும். அந்த வியர்வையோடு போய் நின்றால் ஜாக்கெட் போட்டும் குளிரும். ஏறும்போது தெர்மலும் ஃப்ளீஸும் போதும், காற்றடித்தால் மேலே மழை ஜாக்கெட். நின்ற உடனே, குளிர் ஏறும் முன்பே, பையின் மேல்பக்கத்திலிருந்து டவுனை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே போட வேண்டும். ஃப்ளீஸைக் கழற்றக் கூடாது. அதனால்தான் அளவு தாராளமாக இருக்க வேண்டும் என்கிறோம். உச்சி நாள் மட்டும் கொஞ்சம் விலக்கு. இருட்டில் மெதுவாக ஏறுவதால் முதல் அரைமணி போட்டுக்கொண்டே நடப்பவர்கள் உண்டு.

டவுன் மலைக்கு வந்த கதை ஒன்று. 1922 எவரெஸ்ட் பயணத்தில் மற்றவர்கள் கம்பளியும் காபர்டீனும் போட்டிருந்தபோது ஜார்ஜ் ஃபிஞ்ச் பலூன் துணிக்குள் ஐடர் வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த கோட்டோடு வந்தார். முதலில் சிரித்தவர்கள் மேலே போனதும் அந்தக் கோட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அவர் அந்த வருடம் 27,000 அடியைத் தாண்டினார். நூறு வருடத்துக்குப் பிறகும் நாம் போடுவது அடிப்படையில் அதே கோட்டுதான்.

ஒரு யோசனை. ஒரே ஒரு பயணம்தான் என்றால் எதற்கு 18,000 ரூபாய் செலவு? வாடகைக்கு எடுக்கலாமே. டேராடூனிலும் சாங்க்ரியிலும் கிடைக்கும். சென்னையில் அந்த ஜாக்கெட்டுக்கு வேலையே இல்லை.

கோவை வாசகி | நவம்பர் 5, இரவு 9:52

அண்ணா, இதுல மட்டும் உங்களோட ஒத்துப்போக முடியலைங்க. ஆம்பளைங்களுக்கு வாடகை சரி. சாங்க்ரியில நான் பார்த்த கடையில பொம்பளைங்க அளவுன்னு தனியாவே இல்லை. ஆம்பளைங்க எம், எல், எக்ஸ்எல். என் கூட வந்த பொண்ணுக்கு எம் போட்டா தோள்பட்டை கீழ தொங்குது, கை விரலைத் தாண்டுது, இடுப்புல மட்டும் இறுக்கம். இடுப்பு சரியா இருக்கட்டும்னு எல் போட்டா கழுத்து வழியா காத்து உள்ள போகுது. தொளதொளன்னு இருந்தா ஒவ்வொரு அசைவுக்கும் சூடான காத்து வெளிய போயிட்டே இருக்கும். அதுபோக சீசன் கடைசியில வர்ற வாடகை ஜாக்கெட் எத்தனை பேர் மடிச்சு அமுக்கி, எத்தனை தடவை சோப்புத்தூள்ல துவைச்சதோ. நான் தொட்டுப் பார்த்ததுல தூவி அங்கங்க கட்டிகட்டியா கிடந்துச்சு.

மலைப்பாதை | நவம்பர் 5, இரவு 10:10

ஒத்துக்கொள்கிறேன். பெண்கள் அளவு கிடைப்பதை நான் யோசிக்கவில்லை. வாடகை என்றால் இப்படிச் செய்யலாம்: கூட்டிப் போகும் குழுவே வாடகைக்குத் தருகிறதா, பெண்கள் அளவு இருக்கிறதா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். கையில் வந்ததும் மேசைமேல் விரித்து 10 நிமிடம் விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். அறைகளில் பாதி காலியாகத் தெரிந்தால் வேண்டாம்.

சைவப்பறவை | நவம்பர் 6, காலை 6:30

எல்லோரும் தரம் பேசுகிறீர்கள், பறவையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. உயிரோடு இருக்கும்போதே பிடுங்குவதும் நடக்கிறது. எனக்கு அதைப் போட்டுக்கொள்ள மனம் வராது. டவுன் இல்லாமல் இந்த மலை ஏற முடியாதா?

நூலிழை | நவம்பர் 6, காலை 9:05

ஏறலாம். உங்கள் மனத்தடை நியாயமானது, நானும் அந்த ஆலையில் இருந்தபோது இதை யோசித்திருக்கிறேன். டவுன் பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கும் பறவையிலிருந்து வருகிறது. உயிரோடு பிடுங்குவதையும் வற்புறுத்தித் தீனி திணிப்பதையும் தடுக்க 2014-இல் ஆர்டிஎஸ் என்ற சான்று வந்தது. பண்ணையிலிருந்து ஆலை வரை தணிக்கை உண்டு. டவுன் வாங்குகிறவர்கள் லேபிளில் அந்த மூன்றெழுத்தைப் பாருங்கள். பறவையே வேண்டாம் என்றால் அந்தச் சான்று உங்களுக்குப் பதில் ஆகாது, செயற்கை இழை ஜாக்கெட்தான் பதில்.

ப்ரைமாலாஃப்ட் மாதிரியான இழைகள் 1980-களில் அமெரிக்க ராணுவத்துக்காக, நனைந்தாலும் சூடு போகாத டவுன் மாதிரியான பொருள் வேண்டும் என்று உருவாக்கியவை. ஈரத்தில் டவுனைவிட மேல், வீட்டிலேயே துவைக்கலாம், விலையும் குறைவு. அதே சூட்டுக்கு எடையும் பருமனும் கூடும், சில வருடத்தில் அமுங்கிப்போகும். மூன்று நான்கு நாள் நடைக்கு அந்தக் கூடுதல் எடை பெரிய விஷயமே இல்லை. ஈரப்பனி கொட்டும் இடம் என்றால் நானே செயற்கையைத்தான் எடுப்பேன்.

பனிப்பூ | நவம்பர் 6, இரவு 7:40

நூலிழை சொன்னது எங்கட அனுபவமும். ரொறன்ரோவில பூச்சியத்துக்குக் கிட்ட ஈரப்பனி கொட்டேக்க டவுன் நனைஞ்சு சப்பையாப்போகும். அண்டைக்கு நான் செயற்கை ஜக்கெற்தான் போடுறது. மைனஸ் 15-க்குக் கீழ போனா பனி உலர்ந்து மா மாதிரி உதிரும், அப்ப டவுனை வெல்ல ஒண்டும் இல்லை.

தேன்சிட்டு | நவம்பர் 9, மாலை 6:18

அந்த 900-ஐ வாங்கவில்லை. நேற்று நானும் நாத்தனாரும் தெர்மல், ஃப்ளீஸ் எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு டெகத்லான் போனோம். சென்னை நவம்பரில் மூன்று அடுக்குத் துணி போட்டு, கண்ணாடி முன்னால் எங்களையே கட்டிப்பிடித்து, குந்தி எழுந்து பார்த்ததில் வியர்த்துக் கொட்டியது. ஆனால் அத்தனையும் தேவைப்பட்டது.

ஃபோர்க்ளாஸ் எம்டி100 பெண்கள் மாடலில் எனக்கு எம் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். ஃப்ளீஸோடு போட்டதும் நெஞ்சில் இறுக்கியது. எல் எடுத்தேன். தோள் கொஞ்சம் தாராளம், ஆனால் கழுத்திலும் இடுப்பிலும் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம், காற்று போகாது. அதில் மைனஸ் 5 என்றுதான் போட்டிருக்கிறது. மைனஸ் 15 என்று சொன்னதை விட்டுவிட்டு இதை எடுக்கிறோமே என்று ஒரு கணம் தயங்கினேன். கையில் எடுத்துப் பார்த்தபோது உப்பல் தெரிந்தது, நடைமுறைக்கு ஒத்த எண்ணாகவும் பட்டது. உள்ளே ஃப்ளீஸ், மேலே மழை ஜாக்கெட் என்று போனால் போதுமா, மலைப்பாதை அண்ணா?

நாத்தனாருக்குத்தான் கஷ்டமாகிவிட்டது. பெண்கள் பகுதியில் அந்தக் கடையில் அன்று இருந்த பெரிய அளவும் இடுப்பில் ஏறவில்லை. "எனக்கு மலையெல்லாம் சரிப்படாது, நீ போயிட்டு வா" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

பனிப்பூ | நவம்பர் 9, இரவு 8:55

அவவை விடாதேங்கோ தங்கச்சி. ஆம்பிளையளின்ர பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. 5 அடி 6 எண்டா ஆம்பிளையள் எக்ஸ்எல் இல்லாட்டி டபிள் எக்ஸ்எல் நீளம் சரியா வரும். கை நீளமா இருந்தா நல்லதுதான், கையுறைக்கு மேல இழுத்து விடலாம். பின்பக்கமும் வடிவா மூடும். கழுத்தில இடைவெளி இருந்தா ஒரு கம்பளிக் கழுத்துப்பட்டியைச் சுத்தினாச் சரி. நான் முதல் ஆறு வருசம் என்ர மனுசன்ர ஜக்கெற்றோடதான் பனிக்குள்ள திரிஞ்சனான். எல்லா உடம்புக்கும் தைக்காதது கொம்பனியின்ர பிழை, அவவின்ர பிழை இல்லை எண்டு நான் சொன்னதாச் சொல்லுங்கோ.

மலைப்பாதை | நவம்பர் 9, இரவு 9:30

போதும். கேதார்காந்தாவுக்கு அந்த அடுக்கு சரியாக இருக்கும். முகாமில் மாலை 5 மணிக்கு மேல் ஜாக்கெட்டைக் கழற்றவே வேண்டாம். உச்சி இரவுக்கு உலர்ந்த தெர்மல் ஒன்றைத் தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். நடந்த தெர்மலோடு தூங்காதீர்கள். ஆண்கள் பகுதி யோசனை சரியானது. போன வருடம் என் குழுவில் இரண்டு பெண்கள் அப்படித்தான் வந்தார்கள்.

தேன்சிட்டு | நவம்பர் 16, இரவு 8:40

ஆண்கள் டபிள் எக்ஸ்எல் கச்சிதம்! கரும்பச்சை நிறம். நாத்தனார் பனிப்பூ அக்கா எழுதியதைத் தானே படித்துவிட்டு, இரண்டு நாளாகக் காலையில் பூங்காவில் பத்து சுற்று நடக்கிறார்.

ஒரு சந்தேகம். திரும்பி வந்த பிறகு துவைப்பது எப்படி? சென்னையில் எப்படி வைத்திருப்பது?

கோவை வாசகி | நவம்பர் 17, காலை 10:12

அடிக்கடி துவைக்க வேண்டாமுங்க. கழுத்து, கைமடிப்பு மட்டும் ஈரத்துணியால துடைச்சாப் போதும். சீசனுக்கு ஒரு தடவை துவைச்சாலே ஜாஸ்தி. சாதாரண சோப்புத்தூள் தூவியில இருக்கற இயற்கை எண்ணெயை எடுத்துரும், கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கற திரவமும் கூடாது. டவுனுக்குன்னே திரவ சோப்பு வருது, நிக்வாக்ஸ் மாதிரி. முன்பக்கம் திறக்கற மெசின்ல, மெதுவான சுற்றுல போடுங்க. ஈரமா இருக்கும்போது தோளைப் பிடிச்சுத் தூக்காதீங்க, கனத்துல உள்ள இருக்கற தடுப்பு கிழிஞ்சுரும். அடியில கை குடுத்துக் குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்குங்க.

காய வைக்கறதுதான் நம்ம ஊருல பெரிய வேலை. டிரையர் இருக்கற லாண்டரி கிடைச்சா குறைஞ்ச சூட்டுல 2, 3 டென்னிஸ் பந்தோட சுத்தவிடுங்க, பந்து தட்டித் தட்டிக் கட்டியைப் பிரிச்சுரும். இல்லாட்டி நிழல்ல, ஃபேனுக்கு அடியில பரப்பி, மணிக்கு ஒரு தடவை கையால பிசைஞ்சு பிரிச்சு விடணும். எனக்கு மூணு நாள் ஆச்சு. மேல காஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ள ஈரம் இருந்தா பூசணம் பிடிச்சு நாறும். சென்னையில மழை முடிஞ்ச பிறகு, பிப்ரவரி மாதிரி பண்ணுங்க.

வைக்கும்போது அந்தச் சின்னப் பைக்குள்ள திணிச்சு வைக்காதீங்க. பயணத்துக்கு மட்டும்தான் அது. வீட்ல ஹேங்கர்ல தொங்கவிட்டு மேல பழைய பருத்திச் சேலை ஒண்ணைப் போர்த்துங்க.

நூலிழை | நவம்பர் 17, மதியம் 1:25

சின்ன இறகுத் தண்டு வெளியே எட்டிப் பார்த்தால் பிடுங்காதீர்கள், ஓட்டை பெரிதாகும். உள்பக்கத்திலிருந்து துணியோடு பிடித்துப் பின்னால் இழுத்தால் உள்ளே போய்விடும். இந்த ஜாக்கெட்டுகளின் மேல்துணி 10, 20 டெனியர் நைலான், அவ்வளவு மெல்லியது. நெருப்பு பக்கத்தில் போகவே கூடாது. நைலான் ஒட்டும் டேப் ஒரு சின்னத் துண்டு பையில் இருக்கட்டும்.

தேன்சிட்டு | ஜனவரி 3, இரவு 9:50

ஏறிவிட்டோம். இருவரும்.

உச்சி நாள் 2:30-க்கு எழுப்பினார்கள். கூடாரத்துக்குள் தண்ணீர் பாட்டில் உறைந்திருந்தது. உலர்ந்த தெர்மல், ஃப்ளீஸ், டவுன், மேலே மழை ஜாக்கெட். முதல் இருபது நிமிடத்திலேயே சூடாகிவிட்டது, மலைப்பாதை அண்ணா சொன்னபடி டவுனைக் கழற்றிப் பைக்கு மேல் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதை எடுத்துப் போட்டேன், கிளம்பும்போது கழற்றினேன். எங்கள் குழுவில் ஜாக்கெட்டோடே ஏறிய ஒரு பெண் கடைசி நிறுத்தத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாள், முதுகு முழுக்க ஈரம். என் மழை ஜாக்கெட்டை அவளுக்குக் கொடுத்தேன். அப்போது கோவை வாசகி சொன்ன மலைக்காரத் தம்பியை நினைத்துக்கொண்டேன்.

கைதான் கடைசி வரை குளிர்ந்தது. அடுத்த தடவை விரல் பிரிக்காத கையுறை எடுத்துப் போவேன். உடம்பு ஒரு நொடிகூடக் குளிரவில்லை. நாத்தனார் என்னைவிட 15 நிமிடம் முன்னால் உச்சியில் நின்றார். கரும்பச்சை ஜாக்கெட்டில், தொப்பிக்குள்ளே பின்னல், அவருக்குப் பின்னால் பந்தர்பூஞ்ச் சிகரம். அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறோம்.

ஒரே சேதம்: இறங்கி வந்த அன்று சாங்க்ரியில் தங்கிய வீட்டு முற்றத்தில் தீ மூட்டியிருந்தார்கள். ஒரு பொறி பறந்து என் இடது கையில் மிளகளவு ஓட்டை. நூலிழை அண்ணாவின் டேப் பையில் இருந்ததால் தூவி ஒன்றுகூட வெளியே வரவில்லை.

கோவை வாசகி | ஜனவரி 3, இரவு 10:04

படிக்கப் படிக்கக் கண்ணு கலங்கிருச்சுங்க. உங்க நாத்தனாருக்கு என் அன்பைச் சொல்லுங்க.

பனிப்பூ | ஜனவரி 4, காலை 5:15

நல்ல சந்தோசம் தங்கச்சி. அவவிட்டச் சொல்லுங்கோ, அடுத்த மாசி மியூ லேக்கில அவவுக்கு ஒரு கூடாரம் இருக்கு.

தேன்சிட்டு | ஜனவரி 4, இரவு 8:20

சொல்லிவிட்டேன் அக்கா, பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு ஜாக்கெட்டும் இப்போது அலமாரியில் சேலை போர்த்தித் தொங்குகின்றன. அடுத்த குளிர்காலம் வரை எங்களுக்குத் தேவையில்லை. பிப்ரவரி, மார்ச்சில் மலைக்குப் போகும் பெண்கள் சென்னையில் யாராவது இருந்தால் தனிமடல் அனுப்புங்கள், வந்து வாங்கிக்கொள்ளலாம், வாடகை வேண்டாம். ஒன்று பெண்கள் எல், இடது கையில் ஒட்டுப் போட்டது. மற்றது ஆண்கள் டபிள் எக்ஸ்எல். வரும்போது உங்கள் தெர்மலையும் ஃப்ளீஸையும் எடுத்து வாருங்கள், இங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம்.